ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் அட்டைகள்

ஸ்டென்விக் பெண்கள் கால்பந்து அணியின் மைதானத்தில் காபியும் சாசேஜ் வைத்த ரொட்டியும் விற்பது என் வேலை. சம்பளம் கிடையாது. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நானும் ஒருத்தி, யாரும் முன்வராத வேலைகள் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். கடை ஜன்னலிலிருந்து பார்த்தால் மேற்குப் பக்க இருக்கைகளின் மேல் வரிசை நேராகத் தெரியும். அந்த வரிசையின் கடைசி இருக்கையில் மூன்று பருவங்களாக ராக்னா உட்கார்ந்திருந்தாள்.

ராக்னாவை ஊரில் பாதிப் பேருக்கு முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். இருபத்தேழு வருடம் டாக்ஸி நிலையத்தில் தொலைபேசி எடுத்தவள். அழைப்பவர் வாயைத் திறப்பதற்குள், எந்த வாசலுக்கு வண்டி வேண்டும், எங்கே போக வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள். பிறகு அந்த வேலையை எண்ணூறு கிலோமீட்டர் தெற்கே ஒரு பெரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. ஒன்றரை வருடம் சும்மா இருந்தாள். அதற்குப் பிறகுதான் எங்கள் மைதானத்தில் தென்பட ஆரம்பித்தாள்.

அவள் வந்த விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கையில் போனை வைத்து எதையோ தட்டிக்கொண்டே இருப்பாள். நம் பெண்கள் கோல் போட்டால் கூட்டம் எழுந்து நிற்கும், அவள் மட்டும் இன்னும் வேகமாகத் தட்டுவாள். இடைவேளையில் காபி வாங்க வந்தால், ஆட்டம் எப்படி என்று கேட்டால்கூட, ஏதோ போகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து சீட்டாட்டம் ஆடுகிறாள் போலிருக்கிறது என்று நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

விஷயம் என்னவென்று போன ஜூன் மாதம்தான் தெரிந்தது.

எங்கள் அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி தூவா. இருபத்திரண்டு வயது. வாரத்தில் நான்கு நாள் மரப்பலகையும் ஆணியும் விற்கும் கடையில் வேலை, மாலையில் பயிற்சி. முதல் தர லீக்கில் ஆடுகிறார்கள் என்றாலும் எங்கள் பெண்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை சங்கத்துக்குக் கால்பந்து சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. தவறான தடுப்புக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டையை தூவா வாங்குவாள் என்று வெளிநாட்டு இணையதளங்களில் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பந்தயம் விழுகிறது, அதுவும் சொல்லிவைத்த மாதிரி அவள் வாங்குகிறாள், விசாரணை முடியும்வரை அவள் ஆடக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நம் நாட்டில் அட்டைமேல் பந்தயம் கட்ட அனுமதி கிடையாது. கடல் தாண்டி இருக்கிற தளங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தூவா அழவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு, தான் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்று பயிற்சியாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். ஊர் சிறியது. திங்கட்கிழமை கடையில் ஒரு ஆள் கதவுக் கீலுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே, "இன்னிக்கு அட்டை எதுவும் கிடையாதா?" என்று கேட்டானாம். அவள் மீதிச் சில்லறையைக் கொடுத்து, "உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?" என்றாளாம். பதில் சொல்லத் தெரிந்த பெண்தான். ஆனால் அந்த வாரம் அவள் பயிற்சியைப் பார்க்கக்கூட வரவில்லை. முன்பின் தெரியாத ஆட்கள் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ அவள் போனுக்கு எழுதியதை அவளுடைய அம்மா என்னிடம் காட்டினாள். இரண்டு வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்த ஆட்டத்தன்று நான் காபி இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ராக்னா கடையின் பக்கக் கதவைத் தட்டினாள். கையில் நீல அட்டை போட்ட மூன்று நோட்டுப் புத்தகங்கள்.

"ஸ்வேயா, நீ குழுவுல இருக்கேல்ல? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா என் வேலை போயிடும்."

உட்கார வைத்தேன். அவள் சொன்னது இதுதான். ஆட்ட விவரங்களைத் திரட்டி விற்கும் ஒரு நிறுவனத்துக்கு அவள் வேலை செய்கிறாள். கார்னர், தவறு, அட்டை, ஆபத்தான தாக்குதல், எது நடந்தாலும் இரண்டு நொடிக்குள் போனில் தட்ட வேண்டும். அங்கிருந்து அது பந்தயத் தளங்களுக்குப் போகும். எங்கள் மைதானத்துக்கு ஐந்நூறு பேர் வந்தால் பெரிய கூட்டம். ராக்னாவின் விரலுக்காகக் காத்திருந்தவர்கள் பல ஆயிரம். அவள் பந்தயம் கட்டக் கூடாது, தான் என்ன செய்கிறாள் என்று வெளியே சொல்லக் கூடாது, தனியாகக் குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது விதியை முதல் மாதமே மீறிவிட்டாள்.

"ஏன்டி எழுதினே?" என்று கேட்டேன்.

"டாக்ஸி ஆபீஸ்ல எழுதி எழுதிப் பழகிடுச்சு. நடந்ததை எழுதலேன்னா அன்னிக்கு நாள் முடிஞ்ச மாதிரியே இருக்காது."

நோட்டைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். கிழமை, குளிர், காற்று, யார் யாரைத் தடுத்தார்கள், எத்தனையாவது நிமிடம். தூவா பெயர் வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். போன இலையுதிர் காலத்திலிருந்து தூவா சனிக்கிழமை எட்டு ஆட்டம் ஆடியிருக்கிறாள், ஒரே ஒரு அட்டை. ஞாயிற்றுக்கிழமை ஏழு ஆட்டம், ஆறு அட்டை. ஆறும் இருபத்தைந்தாவது நிமிடத்துக்கும் இடைவேளைக்கும் நடுவில். அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை பதினோரு ஆட்டம் ஆடியும் ஒரே அட்டைதான்.

"பந்தயம் கட்டுறவனுங்க கண்டுபிடிச்சது இவ்வளவுதான்," என்றாள் ராக்னா. "ஞாயித்துக்கிழமைன்னா தூவாவுக்கு அட்டை. எதுக்குன்னு அவனுங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சு ஆகப்போறதும் ஒண்ணுமில்ல. நாலு பேர் கட்டினான், அதைப் பார்த்து நாப்பது பேர் கட்டினான். ஒருத்தனும் அவகிட்ட பேசினதே இல்ல."

"அப்போ எதுக்கு?"

நோட்டை மூடினாள். அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொருத்தியிடம் போய்ப் பேச வேண்டும் என்றாள்.

அந்த வேறொருத்தி மாய்க்கென். தூவாவுக்கு முன்னால் இடது ஓரத்தில் ஓடுகிறவள். எதிரணி பந்தோடு வரும்போது அவள் பின்னால் ஓடிவந்து தூவாவுக்குத் துணை நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது நிமிடம்வரை வருவாள், பிறகு வரமாட்டாள். தூவா தனியாக இரண்டு பேரைத் தடுக்க வேண்டியிருக்கும். கடைசியில் யாரையாவது இழுத்துப் பிடித்து நிறுத்துவாள், நடுவர் அட்டையைத் தூக்குவார். எங்கள் பயிற்சியாளர் இதை மாய்க்கெனின் உடல் பலவீனம் என்று நினைத்து அவளைக் கூடுதலாக ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

உண்மைக் காரணம் ராக்னாவுக்குத் தெரிந்தது கால்பந்தால் அல்ல. ஊரில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு டாக்ஸி கேட்பவர்கள் யார் என்று அவளுக்கு மனப்பாடம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு, பஸ் இல்லாத நேரத்தில், மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வண்டி பிடிப்பார்கள். வேலை போன பிறகும் ராக்னா காலையில் அந்த வழியாக நடக்கிறவள். போன இலையுதிர் காலத்திலிருந்து அந்த வாசலில் மாய்க்கென் நிற்பதைப் பார்த்திருந்தாள். சனிக்கிழமை இரவு வேலைக்குச் சம்பளம் கூட. காலையில் வீட்டுக்குப் போய் நாலு மணி நேரம் தூங்கி எழுந்து மூன்று மணி ஆட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள். தெரிந்தால் அணியை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயிற்சியாளரிடம் மூச்சுவிடவில்லை.

ராக்னா அவள் வீட்டுக்குப் போனபோது நடந்ததை மாய்க்கெனே பிறகு என்னிடம் சொன்னாள். முதலில் கோபம் தலைக்கேறிவிட்டதாம். வேவு பார்ப்பதுதான் உங்கள் பிழைப்பா என்று கேட்டிருக்கிறாள். ராக்னா சண்டை போடவில்லை. தன் நோட்டுகளை விசாரணையில் கொடுக்கப்போவதாகவும், அதில் மாய்க்கெனின் பெயர் எங்கும் இல்லை என்றும், காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது மாய்க்கெனின் இஷ்டம் என்றும் சொன்னாளாம்.

"காரணம் இல்லாம எண்களை மட்டும் காட்டினா நம்புவாங்களா?" என்று மாய்க்கென் கேட்டிருக்கிறாள்.

"பாதி நம்புவாங்க. பாதி நம்பினா அந்தப் பொண்ணு பேர்ல கறை அப்படியே இருக்கும்."

அவ்வளவு சொல்லிவிட்டு ராக்னா எழுந்து வந்துவிட்டாள்.

விசாரணைக்கு வந்தவர் பெயர் தோர்க்கெல். முன்னாள் போலீஸ்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர். சங்கத்தின் கூட்ட அறையில் தூவாவும் அவள் அம்மாவும் ஒரு பக்கம், பயிற்சியாளரும் நானும் இன்னொரு பக்கம். ராக்னா நோட்டுகளை மேஜைமேல் வைத்து, தான் யார், எந்த விதியை மீறி இதை எழுதினாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். தூவா அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேல் வரிசையில் போனைத் தட்டுகிற அந்த அம்மாவைப் பற்றி வீராங்கனைகளும் உடை மாற்றும் அறையில் கேலி பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தோர்க்கெல் முக்கால் மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவரின் அறிக்கைகளோடு தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கணக்கு சுத்தமா இருக்கு. பந்தயக்காரங்க சும்மா பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கூட இதைக் கண்டுபிடிச்சிருக்கலாம், ஒத்துக்கிறேன். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன்? அதுக்கு விடை இல்லாம நான் இந்தக் கோப்பை மூட முடியாது."

ராக்னா நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பயிற்சியாளர் ஏதோ வானிலை பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அப்போது கதவு திறந்தது. மாய்க்கென் வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தாள். கையில் பத்து மாத வேலை அட்டவணையின் நகல்.

"விடை நான்தான்," என்றாள். தூவாவின் பக்கம் திரும்பி, "உன்னை ஒத்தையில விட்டுட்டேன். சொல்லத் தைரியம் வரல," என்றாள்.

தூவா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீ குண்டா ஆயிட்டேன்னுல்ல நாங்க பேசிட்டு இருந்தோம்," என்றாள். தோர்க்கெல்கூடச் சிரித்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. தூவாமேல் குற்றம் எதுவும் இல்லை, உடனே ஆடலாம். கதவுக் கீல் வாங்கிய ஆள் மறுபடி கடைக்கு வந்து, தேவையே இல்லாமல் ஒரு பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பது போல எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனானாம்.

ராக்னாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தது என்று இரண்டே வரி. அவள் அதை எதிர்பார்த்தே இருந்தாள், இருந்தாலும் அன்று முகம் வாடித்தான் இருந்தது. மறுபடி சும்மா உட்கார வேண்டுமே என்ற பயம் அவளுக்கு. குழுவில் நான் பேசினேன். சங்கத்தால் முழுச் சம்பளம் தர முடியாது. வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தொகை ஒதுக்கினோம். இப்போது அவள் எங்கள் அணிக்காக எழுதுகிறாள். பயிற்சியாளர் ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டார். தன் ஆட்டக்காரிகளில் யார் யார் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று ஒரு தாளை ராக்னா அவரிடம் நீட்டிய பிறகு, திங்கட்கிழமைதோறும் அவரே அவளைத் தேடி வருகிறார். தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அந்தந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகே எழுதுவது ராக்னா போட்ட நிபந்தனை.

முதியோர் இல்லத்தின் மேலாளர் மாய்க்கெனைச் சனி இரவிலிருந்து புதன் இரவுக்கு மாற்றிக் கொடுத்தார். சம்பளத்தில் குறைந்ததை, அணிக்குப் பண உதவி செய்யும் மர ஆலைக்காரர்கள் ஈடுகட்டினார்கள். அணிச் சட்டையில் அவர்கள் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆகஸ்டில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ராக்னா வெளிநாட்டுத் தளத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். தூவாவின் அட்டைமேல் அன்றும் பந்தயம் குவிந்திருந்தது. அன்று மாய்க்கென் எழுபதாவது நிமிடத்திலும் பின்னால் ஓடிவந்தாள். தூவாவுக்கு அட்டை இல்லை. செப்டம்பரிலும் இல்லை. அக்டோபரில் அந்தத் தளத்தில் அவள் பெயரைத் தேடுவாரே இல்லை. அணி லீக் பட்டியலில் ஆறாவது இடத்துக்கு ஏறியது. அது எங்களுக்குப் பெரிய இடம்.

இதற்கு நடுவில் முதியோர் இல்லத்து மேலாளர் ஒருநாள் கடைக்கு வந்து காபி குடித்தார். இரவில் அங்கே உள்ளவர்கள் அழைப்பு மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், பணியாளர்கள் ஓடி ஓடிச் சோர்ந்துபோகிறார்கள், ராக்னா ஒரு தடவை அந்தப் பதிவுகளைப் பார்ப்பாளா என்று கேட்டார். ராக்னா இரண்டு மாதப் பதிவுகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மேற்குப் பக்க அறைகளிலிருந்து மட்டும் விடியற்காலை நாலரைக்கு மணி கூட்டமாக அடிப்பதைக் கண்டாள். நேரில் போய் நின்று பார்த்தபோது, அந்த அறைகளுக்கு நேர் கீழே சலவை இயந்திரம் அந்த நேரத்தில்தான் ஓடத் தொடங்கியது. அதை ஆறரைக்கு மாற்றினார்கள்.

அந்த இல்லத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பா, மூன்று வருடத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன் என்று போன வாரம் என்னிடம் சொன்னார். ராக்னாவிடம் சொன்னேன். அவள் நோட்டை எடுத்து, அவருடைய அறை எண் என்ன என்று கேட்டாள்.