கப்பல் ஹோட்டலில் என் தம்பி

காலை ஆறரைக்கு நிபோங் திபாலில் பஸ் ஏறினேன். பட்டர்வொர்த் இருபது மைல். அங்கிருந்து தீவுக்குப் போகும் ஃபெர்ரிக்கு நாற்பது காசு. பினாங்குப் பாலம் அப்போது கட்டி முடியவில்லை. தெற்கே கடலுக்குள் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கம்பியருகே நின்று அவற்றைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்தாள். ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின நாள் மாலை என் கையைப் பிடித்து, "குணாவ ஒரு தடவ கூட்டிட்டு வா" என்றாள். இரண்டு வருஷமாக அவள் வாயில் வராத பெயர்.

குணசேகரன் என் தம்பி. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் கப்பல் போலக் கட்டிய பெரிய ஹோட்டலில் வேலை செய்கிறான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து நீல பஸ்ஸில் ஒன்பது மைல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைவுகள். டிரைவர் தமிழர். ஹோட்டல் வாசலில் நிறுத்தச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வேலை கேட்டுப் போறீங்களாக்கா?"

"இல்லண்ணே. அங்க ஒரு ஆளப் பாக்கணும்."

"சும்மா விடமாட்டான் லா. காப்பி குடிக்க வந்தேன்னு சொல்லுங்க. அப்ப நீங்களும் கெஸ்ட்தான்."

பத்தே முக்காலுக்கு வாசலில் நின்றேன். காவலாளி என் புடவையைப் பார்த்துவிட்டு, "கிளீனிங் ஆளுங்களுக்குப் பின்வாசல்க்கா" என்றார். காப்பி குடிக்க வந்தேன் என்றேன். கதவைத் திறந்தார்.

உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. தரை முழுக்கக் கப்பல் தளம் போலப் பலகை. கூரையிலிருந்து ஒரு வீட்டை மூடக்கூடிய அளவுக்குப் பாய்மரத் துணி தொங்கியது. சாவி கொடுக்கும் பெண்கள் மாலுமி உடையில் இருந்தார்கள். நான்கரை வெள்ளிப் பணம் கொடுத்து ஒரு காப்பி வாங்கினேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அதன் ரசீதைக் கையில் பிடித்தபடி நடந்தேன்.

மாநாட்டுக் கூடங்களுக்கெல்லாம் துறைமுகங்களின் பெயர். மலாக்கா. ரங்கூன். மூன்றாவது, நாகப்பட்டினம். என் அப்பா அந்தத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார். எட்டு நாள் அடித்தட்டில் வாந்தியோடு கிடந்து வந்தார். இந்த நாகப்பட்டினத்தில் பற்பசை விற்பவர்களின் மாநாடு. கதவு திறந்தபோது உள்ளே கைதட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். பரிமாறுகிறவர்களில் குணா இல்லை.

உணவறையில் இல்லை. மாடிப்படியில் இல்லை. கடைசியாக நீச்சல்குளத்துக்குப் போனேன். அதன் நடுவே ஒரு மரக்கப்பல். அதைச் சுற்றி ஒரு சிறு படகில் இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகளை உட்காரவைத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான் என் தம்பி. வெள்ளைச் சட்டை, பொன்னிறப் பொத்தான்கள், தலையில் தொப்பி. என்னைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு மாறவில்லை. அது குழந்தைகளுக்கானது.

"இங்க நிக்காதக்கா. பாஸ் பாத்துக்கிட்டு இருக்காரு."

படகு நிற்காமல் போனது. நான் கரையோடு கூடவே நடந்தேன்.

"அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க குணா. இந்த வாரம் தாண்டாது. உன்னப் பாக்கணுங்கிறாங்க."

அவன் துடுப்பை வலித்துக் கப்பலை இன்னொரு சுற்று சுற்றினான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குணா மே லிங் என்ற சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். சேதி வந்த அன்றே அம்மா அவன் படத்துக்கு மாலை போட்டாள். பதினாறாம் நாள், ஊரைக் கூட்டி உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி செய்தாள்.

"அன்னிக்கு வடை சுட்டது யாருக்கா?" என்றான் சிரித்த முகத்தோடு.

"நான் வேணாம்னு சொன்னேன்டா."

"சொன்ன. அப்புறம் சுட்ட."

எண்ணெய் காய்ந்த வாசனை வரை எனக்கு நினைவிருந்தது.

"அம்மா மேல கோவம் இல்லக்கா," என்றான், இப்போது குரல் தாழ்ந்து. "வந்தா நான் அழுவேன். அவங்களும் அழுவாங்க. எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்லியாவணும். சரியாப் போவல லா. மே லிங் அப்ப மாசமா இருந்தா. எனக்கு எழவு நடந்த சேதிய அவகிட்டயே வந்து ஒருத்தன் சொன்னான். மறு வாரம் கலைஞ்சிருச்சு."

அந்தச் சேதி எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. "எனக்குத் தெரியாதுடா" என்றேன். யாரோ விசில் ஊதினார்கள். குழந்தைகளைத் தூக்கிக் கரையில் விட்டு, அவர்களுக்கு மாலுமி போல சல்யூட் வைத்தான். அடுத்த இரண்டு குழந்தைகள் ஏறினார்கள். படகு கப்பலுக்குப் பின்னால் மறைந்தது. அது சுற்றி வரும்வரை நான் நிற்கவில்லை.

திரும்பும்போது ஃபெர்ரிக்குக் காசு கிடையாது. தீவுக்குப் போவதற்கு மட்டும்தான் வாங்குவார்கள். வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்தேன்: நாளைக்கு லீவு கேட்டிருக்கிறான், நாளை மறுநாள் வருவான்.

ஐந்து மணிக்கு வார்டில் நுழைந்தேன். அம்மா விழித்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேம்மா."

"மெலிஞ்சிட்டானா?"

"இல்ல. நல்லா இருக்கான்."

"எப்ப வர்றான்?"

அந்த முகத்தைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை. "வரமாட்டாம்மா" என்றேன்.

சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதைத்தான் நினைக்கிறேன், ஒரு பொய்தானே, சொல்லியிருக்கலாம். அம்மா என் கையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். அப்புறம் அவனைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனாலும் மூன்று நாள், வார்டுக் கதவு திறந்த போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். நான்காம் நாள் காலையில் நர்ஸ் கதவைத் திறந்தபோது அவள் திரும்பவில்லை.