எட்டாவது வரி

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவளை யாரும் மருந்துக்கடை அக்கா என்று கூப்பிடுவதில்லை. பலகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம், நாடக அரங்கின் வாசலில் இருக்கும் கரும்பலகை. சனிக்கிழமை முதல் காட்சி பார்த்தவர்கள் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிறு காலையில் அவள் பெட்டியைத் திறந்து, எட்டுச் சீட்டுகளைப் பொறுக்கி, முத்து முத்தான எழுத்தில் பலகையில் எழுதிவைப்பாள். மாலைக் காட்சிக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். பதினோரு வருடமாக இந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"பலகை அக்கா ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டாங்க" என்று நடிகர்களே சொல்வார்கள். உண்மைதான், மாற்ற மாட்டாள். ஆனால் வெட்டுவாள். சீட்டு நீளமாக இருந்தால் வாலை நறுக்கிவிடுவாள். மாற்றுவது வேறு, வெட்டுவது வேறு என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். நாமே போட்டுக்கொள்கிற சட்டத்தில் யானை நுழைகிற ஓட்டை இருந்தாலும் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

அந்த முறை நாடகம், தூர ஊருக்கு வேலைக்குப் போகும் மகளை அப்பா வழியனுப்புகிற கதை. அப்பாவாக நடித்தவர் பஸ் செக்கர். வருடக்கணக்கில் தபால்காரர், போலீஸ்காரர் என்று இரண்டு வசனம் பேசிவிட்டுப் போகிறவர். ஒருமுறை பிணமாக நடித்து, நடுவில் தும்மியும் இருக்கிறார். அவருக்கு முதல்முறையாகப் பெரிய வேஷம் கிடைத்திருந்தது.

ஞாயிறு காலை ஏழு வரிகள் எழுதி முடித்தாள். ஏழும் ஒரே புகழ்ச்சி. அவளுக்கே சப்பென்று இருந்தது. எல்லாம் இனிப்பாக இருந்தால் யார் நின்று படிப்பார்கள்? கொஞ்சம் காரம் வேண்டாமா? அப்போது ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்தில், பெயர் போடாத ஒரு சீட்டு கிடைத்தது. அதில் இப்படி இருந்தது: "மகளை வழியனுப்பும் காட்சியில் அப்பாவாக நடித்தவர் வசனத்தை மறந்து நின்றுவிட்டார். என் அப்பாவும் இப்படித்தான் பேச்சில்லாமல் நின்றார். கோபம் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். அது கோபமில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது."

முதல் வாக்கியத்தை மட்டும் எட்டாவது வரியாக எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். கீழே இரண்டு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. அங்கே வழக்கம்போல ஒரு பூ வரைந்தாள்.

மாலையில் செக்கர் சீக்கிரமே வந்து பலகை முன்னால் நின்றார். எட்டாவது வரியை இரண்டு தடவை படித்தார். அன்று மேடையில் அவர் எங்கேயும் நிற்கவில்லை. பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி மளமளவென்று ஒப்பித்துவிட்டு இறங்கினார். அடுத்த வாரம் குழுத் தலைவரிடம் முழங்கால் வலி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். புது நாடகத்தில் அவருக்கென்று வைத்திருந்த வேஷம் முடிதிருத்துகிறவருக்குப் போய்விட்டது.

செய்தி காதுக்கு வந்த நாளிலிருந்து பலகை அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய சீட்டுகளைக் கிளறி அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவும் தைரியமில்லை, கிழித்துப் போடவும் மனசில்லை. செக்கர் ஏறுகிற பஸ்ஸுக்குப் பயந்து கடைக்கு நடந்தே போனாள். அவள் உடம்பைக் குறைக்கிறாள் என்று நினைத்து வீட்டுக்காரர் பாராட்டினார். பாராட்டைத் தாங்க முடியாமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இதுக்கா இவ்வளவு? பலகையில இடமில்லைன்னு சொல்லிடு. யாரு அளந்து பார்க்கப் போறாங்க?"

"நான் அளந்தேனே" என்றாள் அவள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் செக்கரே கடைக்கு வந்தார். மனைவிக்குச் சளி மருந்து வேண்டும் என்றார். அவள் மாத்திரை அட்டையை எடுத்து உறையில் போட்டாள்.

"கால் வலி எப்படி இருக்குங்க?" என்று கேட்டுவைத்தாள்.

"காலுக்கு என்னக்கா, நல்லாத்தான் இருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அன்னைக்கு நான் வசனத்தை மறக்கல."

"மறக்கலையா?"

"வேணும்னேதான் நின்னேன். பெத்த பொண்ணு கிளம்புறப்ப எந்த அப்பனுக்கு அவ்வளவு பேச்சு வரும்? வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு வாரம் பழகினேன். ஆனா பார்க்கறவங்களுக்கு மறந்துட்டான்னு தோணுச்சுன்னா அப்புறம் அது என்ன நடிப்பு? நமக்குத் தும்மல் வேஷம்தான் சரின்னு விட்டுட்டேன்."

அவர் சிரிக்கத்தான் செய்தார். அவள் மாத்திரை உறையை அப்படியே வைத்தாள். கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். செக்கர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிக்கெட்டைச் சோதிக்கிற அதே நிதானத்தோடு படித்தார். முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இது எப்ப வந்தது?"

"அதே சனிக்கிழமை."

"பலகையில இடம் பத்தலையாக்கா?"

வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனிவரை வந்தது. செக்கரே அதைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார், தலையாட்டினால் போதும்.

"இடம் இருந்ததுங்க. அதுல பூ வரைஞ்சேன். ஒரு வரியாவது சுருக்குன்னு இருக்கட்டும்னு நான்தான் வெட்டினேன். தப்புப் பண்ணிட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். திட்டினால் பாதி பாரமாவது இறங்கும் என்று ஒரு கள்ளக் கணக்கும் உள்ளே இருந்தது. அவர் திட்டவில்லை. சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் ஒரு வேஷத்தை விட்டேன், அவ்வளவுதான். இந்தப் பொண்ணு மறுநாள் வந்து பலகையைப் பார்த்திருக்குமேக்கா. அப்பாவைப் பத்தி அது எழுதினது எதுவுமே இருந்திருக்காதே."

மாத்திரையை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். இரண்டு மாதமாகச் செக்கரையும் தன்னையும் மட்டுமே நினைத்து உருகியிருந்த பலகை அக்கா, அந்தப் பெண்ணை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அவளிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், சீட்டில் பெயர்கூட இல்லை.