முள்ளில்லாக் கன்று

அறுபதுகளில் இலுப்பூர் பக்கம் எங்கள் கொல்லைக்கு இலவச மரக்கன்றுகளோடு ஓர் அதிகாரி வந்தார். விளைகிற மண்ணில் நாங்கள் செருப்போடு கால் வைப்பதில்லை. அவரோ பூட்ஸோடு இறங்கினார். அப்போதே எங்களுக்குச் சந்தேகம்.

“இதுக்குப் பேரு அகேஷியா. கிரேக்க பாஷையில முள்ளுன்னு அர்த்தம்” என்றார்.

அப்பா கன்றைத் தடவிப் பார்த்தார். “முள்ளையே காணோமே?”

“எகிப்து தேசத்து முள்மரத்துக்கு வச்ச பேருங்க. இது அந்தக் குடும்பம்தான், ஆனா முள்ளு கிடையாது.”

“அப்ப பூட்ஸைக் கழட்டிட்டு ஒரு கன்னை நட்டுக் காட்டுங்க, நம்புறேன்.”

அவர் சிரித்தாரே தவிர, கழற்றவில்லை. அப்பாவே ஒன்றை ஓரமாக நட்டார்.

அந்த மனிதர் மறுபடி வரவில்லை. மரம் வளர்ந்தது; முள்ளும் வரவில்லை. ஆனாலும் அதனடியில் போகும்போது மட்டும் அப்பா செருப்புப் போட்டுக்கொள்வார்.