புள்ளி அப்படியே இருக்கட்டும்

என் வலது நுரையீரலில் ஒரு புள்ளி இருக்கிறது. மிளகளவு. இரண்டு வருடங்களுக்கு முன்னர், விடாத இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாக அகப்பட்டது. இருமல் ஒரு கிழமையில் போய்விட்டது, புள்ளி போகவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான், ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கான் எடுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். அவர் சொன்னது ஆங்கிலத்தில். எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. இருந்தும் பக்கத்தில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்து, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டேன்.

அன்றைக்குத் தொடங்கிய பொய் இது. திட்டம் போட்டுச் செய்ததில்லை. மனைவி காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகள் இருப்பது தள்ளி, அஜக்ஸ் என்ற ஊரில். வேலை, இரண்டு பிள்ளைகள், பாதி நாளைத் தின்னும் நெடுஞ்சாலை. நான் ஸ்காபரோவில், முதியோர் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில். நாள் தவறாமல் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களா? மருந்து போட்டீங்களா? சரி அப்பா, எனக்கு மீற்றிங் இருக்கு." குறை சொல்ல முடியாது, என் வயதில் பலருக்கு இதுவும் கிடைப்பதில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் அவள் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். "அப்பா, உங்கட... லங்ஸுக்குத் தமிழ் என்ன? சரி, அதிலை குட்டிப் புள்ளி ஒண்டு இருக்காம். கூடாதது எண்டு இல்லையாம். ஆனா வளருதோ எண்டு வடிவாப் பாக்க வேணுமாம்." நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை அவள். என்னோடு தமிழில் அவ்வளவு நீளமாகக் கதைத்து எத்தனையோ வருடம். நான் நுரையீரலை மறந்துவிட்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பச்சைப் பொய்யனாகிவிட்டேன். "டொக்டர்மார் கதைக்கிற இங்கிலிசு எனக்குப் பிடிபடுதில்லை பிள்ளை, சரியான வேகம்" என்று அடித்துவிட்டேன். அவள் நம்பாமலிருக்கக் காரணமில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், காதடைக்கும் மெஷின்களுக்கு நடுவில் நின்று வேலை செய்தவன் நான். அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கியவன் என்பதெல்லாம் அவள் பிறப்பதற்கு முந்திய கதை. நூலகத்தில் எடுத்துவரும் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை, அவள் வருகிற நாட்களில் தலையணைக்குக் கீழே ஒளித்துவிடுவேன். எழுபத்து நாலு வயதில் புத்தகம் ஒளிக்கிற ஆள்! மனைவி இருந்திருந்தால் சிரித்தே என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாள்.

ஸ்கான் எடுக்க ஒரு நாள், அடுத்த கிழமை முடிவு கேட்க ஒரு நாள். வருடத்தில் நாலு நாட்கள் மகள் முழுதாக எனக்கு. புள்ளி வளர்ந்தால் என் கதை முடிந்தது. மறைந்தால் அந்த நாலு நாட்களும் முடிந்தன. ஆகவே ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று ஒரே வரத்தைத்தான் கேட்பேன். பிள்ளையாரே, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளபடியே வைத்திரு. அவருக்கும் இப்படியொரு விண்ணப்பம் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு தடவை எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. மகள் லீவு எடுத்து வருவதைக் கண்டு இரங்கிய ஒரு தாதி, இனி நீங்கள் மினக்கெட வேண்டாம், எங்களிடம் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி உடனேயே எண்ணை அழுத்திவிட்டாள். "ஐயா வணக்கம், நல்லா இருக்கீங்களா? மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டது ஓர் ஆண் குரல். எவ்வளவு மரியாதையான குரல், கண்ணாடி மாதிரித் தமிழ். நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். "இவர் இந்தியத் தமிழ் கதைக்கிறார் பிள்ளை. எனக்கு விளங்குதில்லை."

"விசரே அப்பா உங்களுக்கு? விடிஞ்சாப் பொழுதுபட்டா இந்தியச் சீரியல்தானே பாக்கிறீங்கள்!"

"அது படத்தைப் பாத்து விளங்கிறது."

மகள் நெற்றியில் கை வைத்தாள். தாதி என் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டாள். மகள்தான் வரவேண்டும் என்று முடிவானது. முகம் தெரியாத அந்த மனிதரிடம் இன்றைக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஸ்கானுக்குப் போன காலையில் ஊரெல்லாம் பனிமூட்டம். மகளுடைய காரில் கதிரை சூடாகும். அந்தச் சூட்டில் சாய்ந்திருக்க, முன்னால் போகிற வாகனங்களின் சிவப்பு வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்துகொண்டிருந்தன. அவள் ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாள். பாதி கேட்டது, பாதியில் கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது வைத்தியசாலை வந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

உள்ளே வழமையான சடங்குகள். உடுப்பு மாற்றும் அறையின் திரைக்கு வெளியே நின்று மகள் கட்டளையிடுவாள். "மணிக்கூடு கழட்டினீங்களா? சங்கிலி? அப்பா, கவுணுக்கு நாடா பின்னாலை வர வேணும்." நாடாவைப் பின்னால் கட்டத் தெரிந்த கிழவன் உலகத்தில் இல்லை. அவள் உள்ளே வந்து கட்டிவிடுவாள். சின்ன வயதில் அவளுக்குப் பள்ளிக்கூட ஜக்கெட்டைப் பூட்டிவிட்டதை நினைத்துக்கொள்வேன். பிறகு அந்த முதல் நாள் தொட்டுச் சொல்கிற பாடத்தை மறுபடி சொல்வாள். "மிஷின் கதைக்கும் அப்பா. முதல் சொல்லுறது மூச்சை இழுங்கோ. ரெண்டாவது பிடிச்சிருங்கோ. கடைசி, விடுங்கோ. சரியே?"

"சரி, டீச்சர்."

ஸ்கான் எடுக்கிற அறைக்குள் அவள் வரமுடியாது. கட்டிலில் என்னைக் கிடத்தி, சூடாக்கிய போர்வையொன்றால் மூடினாள் அங்கே வேலை செய்யும் பிலிப்பினோப் பெண். கூரையில் விளக்குக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். நீல வானம், அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பூங்கிளைகள். வருத்தக்காரர் பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். எனக்கென்றால் அதைப் பார்க்கும்போது எங்கேயோ மரத்துக்குக் கீழே படுத்திருப்பதுபோலத்தான் இருக்கும். கட்டில் மெதுவாக அந்த வளையத்துக்குள் நகர்ந்தது. மெஷின் ஓர் ஆணின் குரலில், ஆங்கிலத்தில், மூச்சை இழுக்கச் சொன்னது. என் காதில் விழுந்தது மகளுடைய குரல். மூச்சை இழுங்கோ. பிடிச்சிருங்கோ.

பிடித்திருந்தேன். அந்தச் சில விநாடிகளுக்கு வயது இல்லை, எடை இல்லை. போர்வைக்குள் மிதந்துகொண்டிருந்தேன். ஒன்பது வயது மகள், தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, டொக்டரின் அறைக்குள் போகிறாள். நான் ஷிஃப்ட்டில் நிற்கிறேன், ஆகவே அந்தச் சின்னப் பிள்ளைதான் அம்மாவுக்கு வாய். டொக்டர் சொன்ன எல்லாவற்றையும் அவள் அம்மாவுக்குச் சொன்னாளா, பயப்படுவா என்று எதையாவது ஒளித்தாளா? ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அந்த வளையத்துக்குள் கிடந்து நினைத்தேன். விடுங்கோ, என்றது குரல். விட்டேன்.

பிலிப்பினோப் பெண் என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து மகளிடம் ஒப்படைத்தாள். உங்கள் அப்பா மூச்சுப் பிடிக்கிற வடிவுக்கு அவரை நீச்சல் போட்டிக்கு அனுப்பலாம், என்ன, கவுணோடுதான் நீந்துவார் என்றாள் ஆங்கிலத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் அதைத் தமிழில் சொல்ல வாய் திறக்குமுன்னரே நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன, விளங்கினதோ?"

"அவ சிரிச்சா, நானும் சிரிச்சன்" என்றேன். அவள் என் முதுகுப் பக்கம் வந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அங்கேயிருந்து நேரே தமிழ்க் கடைக்குப் போய் ஆட்டிறைச்சி றோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் வாங்கி, காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். கொலஸ்ட்ரோல் என்று அவள் ஏசுவாள், ஏசிக்கொண்டே தன்னுடையதில் பாதியை எனக்குத் தருவாள். கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் புகார் படர்ந்து, வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. "மூத்தவன் என்னோடை கதைக்கிறேல்லை அப்பா" என்றாள் திடீரென்று. "என்ன கேட்டாலும் ஃபைன் எண்டுறான். அவ்வளவுதான். கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறான்."

"நீயும் மீற்றிங் இருக்கெண்டு சொல்லுறனிதானே" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு சிரிக்காமல் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். றோல்ஸ் தூள் சிந்திய மடியோடு நான் அசையாமல் இருந்தேன்.

அடுத்த கிழமை முடிவு கேட்கப் போனோம். டொக்டர் சின்னப் பெடியன், கண்ணாடி போட்டவர், எப்போதும் அவசரம். அன்றைக்கு அவசரமில்லாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். கணினியில் சாம்பல் நிறத்தில் என் நெஞ்சு. இரண்டு வருடம் ஒரு மாற்றமும் இல்லை, இது ஏதோ பழைய காயத்தின் தழும்புதான் என்றார். இனி ஸ்கான் தேவையில்லை, என்னிடமும் வரவேண்டியதில்லை, சந்தோசமாகப் போய் இருங்கள் என்றார்.

சந்தோசம்தான். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கி எடுத்தமாதிரி இருந்தது. பிள்ளையார் நான் கேட்டபடியே புள்ளியை வைத்திருந்தார், அதனாலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. இதை யோசிக்காமல் வரம் கேட்ட என் மண்டையை என்ன சொல்ல? பழக்கதோசத்தில் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னவாம் பிள்ளை?"

திரையில் இருந்த அந்த மிளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுப் பொத்தானைத் திருகினாள். டொக்டர் புன்சிரிப்போடு காத்திருந்தார். பிறகு அவள் கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

"புள்ளி அப்பிடியே இருக்காம் அப்பா. வளரேல்லையாம். ஒரு பயமும் இல்லையாம்." பொத்தானை விட்டாள். "ஆனா ஆறு மாசத்தாலை திரும்ப வரட்டாம். தனிய வரக் கூடாதாம். நானும் வர வேணுமாம்."

தான் சொன்ன நல்ல செய்திதான் இது என்று நினைத்து டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மகள் எழும்பி என் ஜக்கெட்டை எடுத்து மாட்டிவிட்டு, குனிந்து ஸிப்பை இழுத்துப் பூட்டினாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

"மெய்யாய் அப்பிடியே சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா" என்றாள். "உங்களுக்குத்தான் டொக்டர்மார் கதைக்கிற இங்கிலிசு விளங்காதே."

"ஓம் பிள்ளை" என்றேன். "ஒரு சொல்லும் விளங்கேல்லை."