மேற்கு வாசல் மரத்தடிக்கு ஒரு பிரெஞ்சுத் தாள்

பிரெஞ்சு தெரியாத ஒரு பெண் என்னிடம் படிக்கக் கொடுத்த பிரெஞ்சுத் தாளை நான் பொய்யாகப் படித்துச் சொன்னேன். அதனால் அவள் பல வருடம் கடை போட்ட இடம் பறிபோனது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் சதுக்கத்தின் பெருமையைப் பேசியே பக்கத்தை நிரப்பிவிடுவேன்.

புதுச்சேரியில் கவர்னர் மாளிகைக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தைத்தான் சொல்கிறேன். இன்று எல்லோருக்கும் அது பார்க். என் அப்பா காலத்தில் பிரெஞ்சில் 'பிளாஸ்', அதாவது சதுக்கம். சிப்பாய்கள் அணிவகுத்ததும், மாலையில் பேண்டு வாசித்ததும், குடை பிடித்த சீமாட்டிகள் உலாவ நம்மவர்கள் கம்பிக்கு வெளியே நின்று கேட்டதும் அங்கேதான். கொடி மாறிய பிறகு கம்பி மட்டும் அப்படியே இருந்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் நடுவிலிருக்கும் வெள்ளை மண்டபத்தைப் படமெடுக்கிறார்கள். கிராமத்துக் குடும்பங்கள் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கின்றன. காதலர்கள் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் பள்ளியில் பிரெஞ்சும் வரலாறும் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் எல்லோருக்கும் நான் 'முசே', பிரெஞ்சு வழி 'ஐயா'. பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவேன். "முசே ஆரம்பிச்சிட்டாரு" என்று நடைப்பயிற்சி நண்பர்கள் எழுந்து இன்னொரு சுற்றுப் போவார்கள். அவர்கள் உடம்பு நன்றாக இருப்பதற்கு நானும் ஒரு காரணம்.

மேற்கு வாசலில் தள்ளுவண்டிகள் பெருகி, நடக்க வழியில்லாமல் போனது. அவற்றை அகற்றச் சொல்லி நகராட்சிக்கு மனுக் கொடுக்க நடைப்பயிற்சிக்காரர்கள் முடிவு செய்தோம். எழுதியவன் நான். "பிரெஞ்சுக்காரர் காலம் முதல் இச்சதுக்கத்தில் வியாபாரம் நடந்ததே இல்லை" என்று ஒரு வரி போட்டேன். ஆதாரம் எதுவும் கிடையாது. வாக்கியம் கம்பீரமாக இருந்தது, அவ்வளவுதான். நண்பர்கள் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நகராட்சி அலுவலகத்திலிருந்து வண்டிக்காரர், கூடைக்காரர் எல்லோருக்கும் நோட்டீஸ் போனது: இடத்துக்கு ஆதாரம் இருப்பவர்கள் ஒரு வாரத்தில் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் மல்லாட்டைக்காரி என் பெஞ்சுக்கு வந்தாள். வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, கூடையில் வைத்து வாசல் மரத்தடியில் விற்பவள். மில் மூடிய பிறகு புருஷனுக்கு நிலையான வேலை இல்லை. இந்தக் கூடைதான் குடும்பம். பிளாஸ்டிக் கவரிலிருந்து பழுப்பேறிய தாளை எடுத்தாள்.

"முசே, இதக் கொஞ்சம் படிச்சி சொல்லுங்க. எங்க மாமனார் பொட்டியில இருந்துச்சி. எம் புள்ள போன்ல காட்டிப் பாத்தான். எழுத்து கோணக்கோணலா இருக்குதாம், போனுக்கே புரியலையாம்."

எங்கள் ஊரில் இது சாதாரணம். பழைய பத்திரம், பிறப்புச் சான்று எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். என்னைப் போன்ற கிழவர்களிடம் வருவார்கள். நாங்கள் சொல்வதுதான் தீர்ப்பு. இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு.

தாளில் அவள் மாமனாருடைய அப்பாவின் பெயர் இருந்தது. பேண்டு வாசிக்கும் மாலைகளில் மேற்கு வாசல் மரத்தடியில் உட்கார்ந்து கடலை விற்க அனுமதி. இடத்தைப் பெருக்கி வைக்க வேண்டும் என்று நிபந்தனை. கீழே முத்திரை. என் கம்பீரமான வாக்கியம் என் மடியிலேயே செத்துக் கிடந்தது.

"ஒண்ணுமில்லம்மா. இடத்தப் பெருக்கி வையின்னு சொல்ற தாளு. ஆபீசுல குடுத்தா சிரிப்பாங்க."

"அவ்ளோதானா? நான் என்னாவோ பட்டாவாட்டம் வச்சிருந்தேன்!" சிரித்துக்கொண்டே மடித்துப் போனாள்.

அடுத்த வாரம் வாசல் காலியானது. பத்து நாள் கழித்து ஒரு நண்பர், "கொறிக்க ஒரு மல்லாட்ட கூட இல்லாம என்னா பார்க்கு முசே இது?" என்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு கடலூர் பஸ்ஸில் போனேன். தவளக்குப்பத்தில் பஸ் நின்றதும் ஜன்னலோரமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். அறுபதை நெருங்கும் பெண், வெயிலில், இளவட்டங்களோடு போட்டி போட்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "முசே! கடலூருக்கா? இந்தாங்க, காசெல்லாம் வாணாம்" என்று ஒரு பொட்டலத்தை உள்ளே திணித்தாள். பஸ் கிளம்பிவிட்டது. அதை என்னால் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் தவளக்குப்பத்தில் இறங்கி, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் மறைச்சீங்க?"

"நான் எழுதுன மனு பொய்யின்னு ஆயிடுமேன்னுதான்."

"எவ்ளோ பெரிய படிப்பு!" என்றாள். "ஒன் வறட்டு கவுரவத்துக்கு என்னிய பஸ்ஸு பின்னால ஓட வுட்டுட்டியேய்யா." அதுவரை அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை.

"தாள் இருக்கா?" என்று கேட்டேன்.

"பெரியவங்க வச்சத கிழிச்சா போட்டுடுவேன்? இங்க வந்து எங்காதுல சொன்னா ஆச்சா? ஆபீசுலயும் பார்க்குலயும் வந்து சொல்லு."

தாளை முழுதாக மொழிபெயர்த்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துப் பார்த்து எழுதினேன். தொட விடவில்லை. மனுவில் இருந்த வரி பொய் என்று தனியாக ஒரு கடிதம் எழுதி, அவளோடு அலுவலகத்துக்குப் போனேன்.

"சார், அந்த மனுவ நீங்கதான எழுதுனீங்க?" என்றார் அதிகாரி.

"ஆமாம். பொய் எழுதினேன்."

அவர் மொழிபெயர்ப்பை மேசைமேல் விரித்துப் படித்தார். "பிரெஞ்சு கவர்மெண்ட் பர்மிஷன் இப்ப செல்லாது சார். பழைய வியாபாரின்னு லிஸ்ட்ல வேணா சேத்துப் பாக்கலாம்."

அன்று மாலை பெஞ்சில் நண்பர்களை உட்கார வைத்து, அவள் எதிரில், தாளில் இருந்ததைப் படித்தேன். என் பொய்யையும் சொன்னேன். யாரும் எழுந்து சுற்றுப் போகவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டார்: "அப்ப இத்தினி வருசமா நீங்க சொன்ன வரலாறும் இப்பிடித்தானா முசே?" இப்போதெல்லாம் பேண்டு, சிப்பாய் என்று நான் தொடங்கினால் "தாள் இருக்குதா?" என்கிறார்கள். பாதிக்கு மேல் என்னிடம் இல்லை.

பல நடைக்குப் பிறகு அவளுக்கு இடம் கிடைத்தது. மரத்தடி இல்லை; ரோட்டுக்கு எதிர்ப்புறம், நிழலில்லாத சுவரோரம். அதுவும் சனி, ஞாயிறு மட்டும். மற்ற நாட்களில் இன்னும் தவளக்குப்பத்தில் பஸ்ஸோடு ஓடுகிறாள். வாரம் தவறாமல் அவளிடம் வாங்குகிறேன். மற்றவர்களுக்கு அளந்த பிறகு ஒரு பிடி கொசுறு போடுகிறாள். எனக்கு அளவோடு சரி.