ஒற்றைக்கண்ணன் கட்சிக்காரி

பாறையைத் தட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் அசிமினா. குகைக்குக் கதவு கிடையாது. வந்திருக்கும் ஜெர்மன் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, விரல் முட்டியால் பாறையைத் தட்டுகிறார்கள். மூன்றடி தள்ளி அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்று, "யாரு?" என்கிறாள். பெயரைச் சொன்ன பிறகுதான் உள்ளே விடுவாள்.

கிரேக்கப் பழங்கதையில் வரும் ஒற்றைக்கண் ராட்சதன் வாழ்ந்த குகை இது. பக்கத்துத் தீவுக்காரர்களும் தங்களிடம் ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள். அவர்கள் குகைக்குள் ஒரு கழுதை திரும்ப இடமில்லை. அசிமினாவுக்கு அறுபத்தெட்டு வயது, முப்பது ஆடு. குகைக்குள்ளேயே பால் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்கிறாள். பதம் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் பதம் தப்பும் என்பது அவள் கணக்கு. ராட்சதனுக்கும் இதே தொழில்தான் என்பதால், அவனைப் பற்றிப் பேசும்போது காலமான பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடும்.

உலகமெல்லாம் அந்தக் கதையை இத்தாக்கா தீவு ராஜாவின் பக்கம் நின்று சொல்கிறது: போர் முடிந்து வீடு திரும்பும் வழியில் ராஜா குகையில் மாட்டிக்கொண்டான், ராட்சதனின் கண்ணைக் குத்திவிட்டுத் தந்திரமாகத் தப்பினான். அசிமினா சொல்வது வேறு.

"ஆளில்லாத வீட்டுல பன்னெண்டு பேரோட நுழைஞ்சான். காய வச்ச கட்டியத் தின்னான். போறப்ப ஆட்டையும் ஓட்டிட்டுப் போனான். இருந்ததே ஒத்தக் கண்ணு, அதையும் நோண்டிட்டான். இவன் வீரனாம்."

ராட்சதன் ஆறு பேரைத் தின்றதை யாராவது நினைவூட்டினால், கேட்காமல் வந்தால் அப்படித்தான் என்பாள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். பதினோரு வயதில் கடற்பஞ்சு எடுக்கும் படகில் வெங்காயம் உரித்தேன். இன்று இந்தத் தீவில் மாடி வைத்த ஒரே விடுதி என்னுடையது. பன்னிரண்டு அறைக்கும் நானே சுண்ணாம்பு அடித்தேன். படித்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். அசிமினா ஒருத்திதான் கேட்டதில்லை.

சென்ற மார்ச்சில், கப்பல் இனி எங்கள் தீவில் நிற்காது என்று பேச்சு வந்தது. நிற்கிற அளவுக்கு இங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் அதிகாரி வந்தார். கப்பல் போனால் என் அறைகளில் புறாதான் குடியிருக்கும். அசிமினாவின் கட்டிகள் குகையிலேயே பூசணம் பிடிக்கும். ஆகவே அவர் வருவதற்கு முதல் நாளே அவளிடம் போய், ராஜாவைத் திட்டாதே, அதிகாரி எது சொன்னாலும் தலையாட்டு என்றேன். சத்தியம் செய்தாள். காப்பாற்றவும் செய்தாள். அதிகாரி பாறையைத் தட்டினார், குகையை அளந்தார், பிரமாதம் என்றார். பேச்சில் ராஜா இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆட்டைத் தடவினாள்.

யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் எங்கள் தீவில் புதியவருக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. அந்தப் பழக்கம்தான் கெடுத்தது.

"நீ யாரு வீட்டுப் புள்ள, தம்பி?"

"என் பேரு யெராசிமோஸ்ம்மா. அப்பா மீன்பிடிக்கிறவரு. இத்தாக்காதான் சொந்த ஊரு."

அசிமினா எழுந்து, கட்டிகள் அடுக்கிய பலகைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அண்ணே, இந்தாளக் கூட்டிட்டு வந்தது நீங்களா?"

மூன்று புயலில் படகைக் கரைசேர்த்தவன் நான். அன்றைக்கு ஓர் ஆட்டின் பின்னால் ஒதுங்கினேன்.

அதிகாரி சிரித்தார். அதெல்லாம் நடந்து மூவாயிரம் வருஷம் ஆயிற்றே என்றார்.

"ஆகட்டுமே. உங்க ஊர்ல இருந்து ஒருத்தராவது வந்து மன்னிப்புக் கேட்டீங்களா? ஒரு கடுதாசி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குகையின் கூரையைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே இருட்டைப் பார்த்து, இத்தாக்கா ஊரார் அத்தனை பேர் சார்பிலும், நடந்தது தப்புதான் என்றார்.

"ஆட்டுக்கு?" என்றாள் அசிமினா.

ஆட்டுக்கும் தனியாகக் கேட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இருப்பதிலேயே முற்றிய கட்டியில் பெரிய துண்டாக வெட்டி, தன் கையாலேயே அவர் வாயில் வைத்தாள். அவர் மென்றார். கண்ணை மூடினார். பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கப்பல் நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அசிமினா இன்னொரு துண்டும் வெட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, மீதி இருந்த கட்டிகளைப் பலகையோடு தூக்கி, அவர் கைக்கு எட்டாத மேல் பாறை இடுக்கில் வைத்தாள்.