அரை மணிக்கு மேல் ஐந்து நிமிடம்

அமெரிக்க வரலாறு என்னைப் பிடித்த சனி. பி.ஏ.வில் மற்றப் பேப்பர்களெல்லாம் தேறி, அது ஒன்று மட்டும் அரியராக நின்றது. பழைய பாடத்திட்டத்தில் எழுத அந்த முறைதான் கடைசி வாய்ப்பு. தேறினால் பி.எட்., இல்லையென்றால் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

வெறியோடு படித்தேன். அந்த நாட்டை உருவாக்கிய தலைவர்களே அரசியல் சாசனத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்ட பாடம் எனக்கு மனப்பாடம். தேசிய வங்கி தொடங்கலாமா என்பதுதான் சண்டை. சாசனத்தில் அப்படி ஒரு வரியே இல்லை, ஆகவே கூடாது என்றார் வெளியுறவு அமைச்சர். ஒரு வேலையைக் கொடுத்தால் அதற்குத் தேவையானதைச் செய்யும் அதிகாரமும் அதில் அடக்கம் என்றார் நிதியமைச்சர். எங்கள் சார் நிதியமைச்சர் கட்சி. "எழுத்தைப் பாக்காதீங்க, எதுக்கு எழுதினாங்கன்னு பாருங்க" என்று வகுப்பில் மேசையைத் தட்டுவார்.

இவ்வளவு படித்தவள் தேர்வு நாள் பௌர்ணமி என்பதை மறந்துவிட்டேன். திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிற கீழ்பென்னாத்தூர்க்காரி செய்கிற தப்பா அது? கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸைத் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவும் கிடைக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கி முப்பத்தைந்து நிமிடம். அரை மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி.

ஹால் வாசலில் நின்றவர் அதே சார்.

"சார், கேள்வியத் தெரிஞ்சிக்கிட்டு யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னுதானே இந்த விதி? முக்கால் மணி வரைக்கும் யாரையும் வெளிய விடமாட்டீங்க. இன்னும் ஒருத்தரும் வரலையே சார்! எதுக்கு எழுதினாங்கன்னு பாருங்க சார்."

"அரை மணின்னுதாம்மா போட்டிருக்கு. நான் என்ன பண்றது?"

காலில் விழுந்தேன். வெட்கமெல்லாம் இல்லை, பயம்தான் இருந்தது. அவர் நகர்ந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

பத்து நிமிடத்தில் முதல் ஆள் வெளியே வந்தான். அவனிடம் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். அந்த வங்கிச் சண்டை, இருபது மதிப்பெண். வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தேர்வு முடிந்ததும் சார் என்னிடம் வந்தார். "யூனிவர்சிட்டிக்கு ஒரு மனு போடும்மா. இன்னொரு சான்ஸ் கேளு. விதின்னா கொஞ்சம் முன்ன பின்ன பாத்துதான் செய்வாங்க."

ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மனு போட்டேன். பதில் வருவதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று போட்டிருந்தார் அப்பா.